பின்விசை

பேஸ்பால் ஆட்டத்தில் சிங்கர் என்றொரு பந்து உண்டு. தையல் இயந்திரத்தோடு வளர்ந்த நம் தலைமுறைக்கு அந்தப் பெயர் வேறொன்றை நினைவூட்டும். இது அதுவன்று, அமிழ்கிற பந்து. எறிபவரின் கையிலிருந்து புறப்படும்போது மற்ற வேகப்பந்துகளைப் போலவே நேராக வருவதாகத் தோன்றும். மட்டையாளர் அதன் வழியைக் கணித்து மட்டையை வீசத் தொடங்கிய பிறகு, கடைசிச் சில அடிகளில், தரை கூப்பிட்டதுபோலத் தாழ்ந்து இறங்கும். எறிபவர் நிற்கும் மேட்டிலிருந்து மட்டையாளர் முன்னிருக்கும் தட்டு வரை 18.44 மீட்டர். மணிக்கு 150 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பந்து அதைக் கடக்க அரை நொடிகூட ஆகாது. அதற்குள் முடிவெடுத்துவிட்ட மனிதன், அம்முடிவை இனி மாற்றிக்கொள்ள இயலாத கட்டத்தில்தான் இந்தப் பந்து தன் குணத்தைக் காட்டுகிறது. கிரிக்கெட் அறிந்தவர்கள் ஸ்விங்கையும் யார்க்கரையும் கலந்து எண்ணிப் பார்க்கலாம். ஆனால் இங்கே பந்து தரையில் குத்தி எழுவதில்லை. காற்றிலேயே எல்லாம் முடிந்துவிடுகிறது.

2006, 2007 ஆகிய ஆண்டுகளில் இந்தப் பந்தை எறிந்து அமெரிக்காவின் பெருந்தலைகளைத் திகைக்க வைத்தவர் வாங் சியென்மிங். தைவான்காரர். வாங் என்பது குடும்பப் பெயர். அங்கே அது முன்னால் வரும். தைவானின் சின்சு நகரில் குறைக்கடத்தி ஆய்வு செய்துகொண்டிருந்த நம் பழைய மாணவர் ஒருவர்தாம் இப்பெயரை நமக்குச் சொன்னார். இளங்கலை இயற்பியல் வகுப்புக்கு நாம் பகுதி ஒன்று தமிழ் நடத்திய ஆண்டில் கடைசி இருக்கையில் அமர்ந்திருந்தவர். "ஐயா, இந்தப் படத்தை ஒருமுறை பாருங்கள். நீங்கள் புறநானூறு நடத்தும்போது சொன்னதெல்லாம் நினைவுக்கு வந்தது" என்று எழுதியிருந்தார். படத்தின் பெயர் ‘லேட் லைஃப்’. ஃபிராங்க் டபிள்யூ. சென் இயக்கத்தில் 2018இல் வெளிவந்த ஆவணப்படம்.

பேஸ்பாலின் விதிகளை நாம் அப்போது ஒன்றும் அறியோம். படத்தைப் பார்த்து முடித்தபின் விதிகளைக் கற்றோம். கற்றபின் மீண்டும் பார்த்தோம். இலக்கண நூலைப் பிறகு படித்துக்கொள்ளலாம், முதலில் பாட்டைக் கேள் என்று மாணவர்களிடம் சொல்கிற வழக்கமுடைய நமக்கு அது பொருத்தமாகவே பட்டது.

தைவானுக்கும் இந்த ஆட்டத்துக்கும் உள்ள உறவைச் சற்று விரித்துச் சொல்லவேண்டும். அது தெரியாமல் வாங்கின் தோளில் ஏறி அமர்ந்த சுமை எத்தகையது என்பது விளங்காது.

1895 முதல் 1945 வரை தைவான் ஜப்பானின் ஆளுகையில் இருந்தது. ஆட்டம் வந்ததும் அவர்களோடுதான். 1931இல் தென்மேற்குத் தைவானின் சியாயி வேளாண் பள்ளி அணி, ஜப்பானின் கோஷியென் அரங்கில் நடக்கும் பள்ளிகளுக்கான போட்டியில் இறுதியாட்டம் வரை சென்றது. ஜப்பானியச் சிறுவர், ஹான் இனச் சிறுவர், பழங்குடிச் சிறுவர் எல்லாரும் ஒரே அணியில் ஆடினர். ஆண்டவர்கள் போனபின்னும் ஆட்டம் தங்கிவிட்டது. 1968இல் தைதுங் மாவட்டத்து மலைக்கிராமமான ஹோங்யேயின் புனுன் பழங்குடிச் சிறுவர்கள், ஜப்பானின் வகயாமாவிலிருந்து வந்த அணியை 7-0 என்று தோற்கடித்தனர். கம்பை மட்டையாகவும் கல்லைப் பந்தாகவும் வைத்துப் பழகியவர்கள் என்று அவர்களைப் பற்றிய கதை நாடெங்கும் பரவியது. அவர்களுள் சிலர் வயது கடந்தவர்கள், வேறு பெயர்களில் ஆடியவர்கள் என்பது பின்னர் வெளிப்பட்டு வழக்கு மன்றம் வரை போனது. ஆனாலும் கதை சாகவில்லை. ஒரு நாட்டுக்குத் தேவைப்படும் கதை சான்றுகளுக்குக் கட்டுப்பட்டு நடப்பதில்லை; தொன்மங்களைக் கற்பிப்பவர்க்கு இது புதிய செய்தியுமன்று.

அடுத்த ஆண்டே, 1969இல், தைசுங்கின் ‘தங்க நாகங்கள்’ அணி அமெரிக்காவின் வில்லியம்ஸ்போர்ட்டில் நடந்த சிறார் உலகப் போட்டியில் வென்றது. அன்று தொடங்கி 1996 வரை தைவான் அணிகள் அந்தப் பட்டத்தை 17 முறை கைப்பற்றின. இதே காலத்தில்தான் 1971இல் ஐக்கிய நாடுகள் அவையில் தைவானின் இருக்கை பறிபோனது. 1979இல் அமெரிக்கா தூதரக உறவை முறித்துக்கொண்டது. உலகின் அவைகளில் தன் பெயரைச் சொல்ல இயலாத ஒரு நாடு, பன்னிரண்டு வயதுச் சிறுவர்களின் வழியாகத் தான் இருப்பதைச் சொல்லிக்கொண்டிருந்தது. தைவானின் 500 டாலர் தாளில் அரசரோ அதிபரோ இல்லை. தொப்பிகளை உயர்த்தி ஆர்ப்பரிக்கும் பள்ளிச் சிறுவர் பேஸ்பால் அணிதான் இருக்கிறது. அந்தத் தாளின் படத்தை மாணவர் அனுப்பிவைத்தார். நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தோம்.

பிறகு ஒரு சரிவு. 1990இல் தொடங்கிய தொழில்முறைப் போட்டித் தொடர், 1996 முதல் சூதாட்டக் கும்பல்களின் கையில் சிக்கிச் சீரழிந்தது. விளையாட்டு வீரர்கள் காசுக்குத் தோற்றார்கள் என்பது தெரியவந்தபோது அரங்குகள் காலியாயின. நம்பிக்கை முறிந்திருந்த அந்தக் காலத்தில்தான் தைனானின் குவான்மியாவ் என்ற, அன்னாசிக்கும் நூடுல்ஸுக்கும் பெயர்பெற்ற சிற்றூர்ப் பகுதியில் வளர்ந்த உயரமான இளைஞர் ஒருவர், 2000ஆம் ஆண்டு நியூயார்க் யாங்கீஸ் அணியோடு ஒப்பந்தம் செய்துகொண்டார். 1980 மார்ச் 31 பிறந்த அவருக்கு அப்போது இருபது வயது. ஒப்பந்தம் முடிந்த மறு ஆண்டே தோளில் அறுவை. 2001 முழுவதும் ஆடவில்லை. இந்தச் செய்தியை வாசகர் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். அந்தத் தோள் முதலிலேயே ஒருமுறை எச்சரித்துவிட்டது.

சிங்கர் அவர் கூடவே பிறந்ததன்று. கீழ்நிலைப் போட்டிகளில் ஆடிக்கொண்டிருந்த ஆண்டுகளில் அமெரிக்கப் பயிற்றுநர்கள் கற்றுக்கொடுத்துப் பழகியது. 2005 ஏப்ரல் 30 அன்று யாங்கீஸ் அணிக்காக முதன்முறை மேடேறினார். அமெரிக்காவின் மேல்நிலைப் போட்டியில் ஆடிய மூன்றாவது தைவான்காரர் அவர். முதலாமவர் 2002இல் களமிறங்கிய சென் சின்ஃபெங்.

2006இல் 19 வெற்றி, 6 தோல்வி. 2007இல் 19 வெற்றி, 7 தோல்வி. ஓர் ஆட்டத்தின் வெற்றியையோ தோல்வியையோ ஓர் எறிபவரின் கணக்கில் எழுதுவது இவ்வாட்டத்தின் மரபு. இந்த எண்களைவிட நம்மைக் கவர்ந்தது வேறோர் எண். 2006இல் அவர் 218 இன்னிங்ஸ் எறிந்தார். இன்னிங்ஸுக்கு மூன்று பேர் வீதம் 654 பேர் ஆட்டமிழந்தனர். அவர்களுள் பந்தைத் தொடவே முடியாமல் அவரிடம் நேரடியாக வீழ்ந்தவர் 76 பேர் மட்டுமே. மற்ற சிறந்த எறிபவர்கள் இருநூறு பேரை அவ்வாறு வீழ்த்துவர். அரங்கம் எழுந்து நின்று ஆர்ப்பரிக்கும். வாங் அப்படிச் செய்யவில்லை. அவர் அடிக்க விட்டார். அமிழும் பந்தின் உச்சந்தலையில் மட்டை பட்டுப் பந்து தரையோடு தவழ்ந்து போகும். அங்கே நிற்கும் தோழர்கள் அதைக் குனிந்து எடுத்து முதல் தளத்துக்கு எறிவார்கள். ஒருவர் வெளியேறுவார், சில நேரம் ஒரே பந்தில் இருவர். ஏறத்தாழ 578 பேரை அவர் தம் தோழர்களின் கைகளுக்கு ஒப்படைத்தார் என்று கணக்கிடலாம். எதிராளியைச் செயலற்றவராக்காமல், செயலாற்ற விட்டு அச்செயலைப் பயனற்றதாக்குகிற கலை. ஆரவாரமில்லாத கலையும்கூட. முகத்திலும் அவருக்கு எந்த ஆரவாரமும் இராது.

நியூயார்க்கில் மாலை 7 மணிக்குத் தொடங்கும் ஆட்டம் தைவானில் மறுநாள் காலை 7 மணிக்கு விடியும். வாங் எறியும் நாள்களில் அந்தத் தீவு அவரோடு கண்விழித்தது. சந்திகளில் பெரிய திரைகள், அலுவலகங்களில் மேசைக்கடியில் வானொலி, நாளேடுகளின் முதல் பக்கம். ‘தைவானின் ஒளி’ என்ற பட்டம் அவர்மேல் ஒட்டிக்கொண்டது. 2007இல் டைம் இதழ் உலகின் செல்வாக்கு மிக்க நூறு பேர் பட்டியலில் அவரைச் சேர்த்தது. பேசக் கூச்சப்படும், கேட்ட கேள்விக்கு நான்கு சொல்லில் விடைசொல்லும் ஒரு மனிதர்மேல் ஒரு நாட்டின் ஏக்கம் முழுதும் ஏற்றிவைக்கப்பட்டது. அந்த ஆண்டின் வழக்கமான பருவத்துக்குப் பிந்தைய போட்டியில் கிளீவ்லாந்து அணியிடம் இரண்டு ஆட்டங்களில் எறிந்து இரண்டிலும் தோற்றார். அப்போதே அந்த ஒளி எத்தனை பேருக்கு உரிமையுடையது என்பது அவருக்குத் தெரிந்திருக்கும்.

இனி 2008 ஜூன் 15.

ஹூஸ்டனில் ஆட்டம். அமெரிக்காவில் அப்போது இரண்டு கூட்டமைப்புகளுக்கும் இடையே ஒரு விதி வேறுபாடு இருந்தது. யாங்கீஸ் ஆடும் கூட்டமைப்பில் எறிபவர் மட்டை பிடிக்க வேண்டியதில்லை. அவருக்குப் பதிலாக அடிப்பதற்கென்றே ஒருவர் உண்டு. ஹூஸ்டன் அப்போது இருந்த மற்றைய கூட்டமைப்பில் எறிபவரே மட்டையும் பிடிக்கவேண்டும், ஓடவும் வேண்டும். அன்று வாங் அவ்வாறு களத்தில் ஓட நேர்ந்தது. பிறர் அடித்த பந்துக்கு மூன்றாம் தளத்தைச் சுற்றித் திரும்பி ஓடியபோது வலது பாதத்தில் தசைநார் கிழிந்தது. ஓட்டம் எடுத்தார், நொண்டிக்கொண்டே எடுத்தார். அவரது அணி அந்த ஆட்டத்தை எளிதில் வென்றது. அந்த ஆண்டு அதுவரை 8 வெற்றி, 2 தோல்வி. அதற்குப் பின் அவ்வாண்டில் அவர் எறியவில்லை.

வலக்கையால் எறிபவருக்கு வலது பாதமே உந்துபலகை. மேட்டில் அதை ஊன்றித் தள்ளித்தான் உடலின் வலு தோளுக்குப் போகிறது. பாதம் தன் பங்கைச் செய்யாதபோது தோள் இரண்டு பங்கு செய்ய முயலும். 2009 ஏப்ரலில் முதல் மூன்று ஆட்டங்களிலும் சேர்த்து வெறும் 6 இன்னிங்ஸ் எறிந்து 23 ஓட்டங்களைக் கொடுத்தார். அவற்றுள் ஒன்று, திறந்து சில நாள்களே ஆன புதிய யாங்கீ அரங்கத்தில், அந்த அணி 22-4 என்று தோற்ற ஆட்டம். தாழ வேண்டிய பந்து தாழவில்லை. மட்டைக்கு நேராக, இடுப்பளவு உயரத்தில் வந்து நின்றது. ஜூலையில் தோள் அறுவை. அந்த ஆண்டு யாங்கீஸ் உலகப் பட்டம் வென்றது. டிசம்பரில் வாங்குக்குப் புதிய ஒப்பந்தம் தரவில்லை.

எறிபவர் மட்டை பிடிக்கவேண்டும் என்ற அந்த விதி 2022 முதல் நிரந்தரமாக நீக்கப்பட்டுவிட்டது. பதினான்கு ஆண்டு பிந்தி வந்த திருத்தம். விதிகளைத் திருத்துபவர்கள் அவற்றால் கால் முறிந்தவர்களை நினைத்துக்கொள்வதுண்டா என்று தெரியவில்லை.

இந்த இடத்தில் நம் மாணவர் சொன்ன புறநானூற்றுக்கு வருகிறோம். வெண்ணிப் போரில் மார்பில் பாய்ந்த வேல் முதுகில் ஊடுருவியதால், அது புறப்புண் என்று நாணிய பெருஞ்சேரலாதன் வடக்கிருந்து உயிர்விட்டான். சிறைப்பட்ட சேரமான் கணைக்கால் இரும்பொறை, காலந்தாழ்த்தித் தரப்பட்ட தண்ணீரைக் குடிக்காமல் மாண்டான். இவ்விரண்டையும் வகுப்பில் நடத்தும்போது குரல் நமக்கே சற்று உயர்ந்துவிடும். தோற்றவனுக்கு நம் மரபு வகுத்துத் தந்த வழி மாண்போடு மடிதல். மடியாமல் முதுமை வரை வாழ்ந்துவிட்டால் இன்னொரு வழி உண்டு: தொடித்தலை விழுத்தண்டினாரைப்போல, ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டு, ஆற்றில் பாய்ந்து மூழ்கிய இளமையை எண்ணி இரங்குவது. இரண்டும் பெரும்பாட்டுகள். ஆனால் இரண்டுக்கும் நடுவே ஒரு நெடுங்காலம் கிடக்கிறது. முப்பது வயதில் வலு போய்விட்டது. சாகவும் இல்லை, கிழவனாகவும் இல்லை. நாளைக் காலை எழுந்து என்ன செய்வது? இந்தக் கேள்விக்கு நாம் கற்பித்த பாட்டுகளில் விடை தேடினோம். கிடைக்கவில்லை என்று சொல்வதைவிட, அந்தக் கேள்வியையே அவை கேட்கவில்லை என்று சொல்வது சரியாக இருக்கும்.

வாங்கின் வாழ்க்கை அந்த நடுக்காலத்தில்தான் நிகழ்கிறது. அவரைப் பற்றி எழுதுபவர்கள் 19 வெற்றிகளை விரித்தெழுதிவிட்டு, பிந்திய ஆண்டுகளை ஒரு பத்தியில் முடித்துவிடுகிறார்கள். நமக்கோ அந்த ஒரு பத்திதான் வாழ்க்கையாகத் தெரிகிறது.

வாஷிங்டன் நேஷனல்ஸ் அணி அவரை எடுத்தது. 2010 முழுவதும் அவர் மேல்நிலைப் போட்டியில் ஒரு பந்துகூட எறியவில்லை. 2011 ஜூலையில், ஈராண்டுக்குப் பின், மேடேறினார். அவ்வாண்டு 4 வெற்றி, 3 தோல்வி. 2012இல் 2 வெற்றி, 3 தோல்வி. 2013இல் டொரான்டோ, 1 வெற்றி, 2 தோல்வி. பிறகு மேல்நிலைக் கதவு அடைபட்டது. 2014இல் சின்சினாட்டி, சிகாகோ அணிகளின் கீழ்நிலைக் கிளைகள். 2015இல் அட்லாண்டாவின் கிளை. அதுவும் விடுவித்தபின் சதர்ன் மேரிலாந்து புளூ கிராப்ஸ். அது எந்தப் பெரிய அணியின் கிளையும் இல்லை. யாரும் வேண்டாமென்றவர்கள், யாராவது வேண்டுமென்று சொல்லக்கூடும் என்று காத்திருந்து ஆடும் தனித்தொடரைச் சேர்ந்தது. உலகின் புகழ்மிக்க அரங்கில் ஐம்பதாயிரம் பேர்முன் எறிந்தவர், சில ஆயிரம் பேர் கொள்ளும் அரங்கில் எறிந்தார். பின்னர் சியாட்டிலின் கிளை.

ஒவ்வோர் ஒப்பந்தமும் ஓர் ஆண்டுக்கோ அதனினும் குறைந்த காலத்துக்கோதான். கீழ்நிலையில் பயணம் பெரும்பாலும் பேருந்தில். ஊர் தோறும் விடுதி அறை. மனைவியும் பிள்ளைகளும் வேறிடத்தில். ஒரு காலையில் மேலாளர் அறைக்கு அழைப்பு வரும். அவ்வளவே, பெட்டியைக் கட்டவேண்டும்.

இதைப் பார்த்தபோது நமக்கு உள்ளே ஏதோ நெருடியது. காரணத்தை மறைப்பானேன். நாம் பதினோராண்டுகள் மணிக்கணக்கிலும் பிறகு தொகுப்பூதியத்திலும் விரிவுரையாளராக இருந்தவர். ஆறு கல்லூரிகள், நான்கு மாவட்டங்கள். ஏப்ரலில் தேர்வு முடிந்ததும் பணியும் முடிந்துவிடும். மே மாதத்துக்கு ஊதியம் கிடையாது. ஜூனில் அழைப்பு வரலாம், வராமலும் போகலாம். ஒரு கல்லூரியில் ஆறாண்டு பணியாற்றிய பிறகு, இவ்வாண்டு தேவையில்லை என்பதை அலுவலக உதவியாளர் வாயிலாகச் சொல்லியனுப்பினார்கள். அன்று தொல்காப்பியப் பொருளதிகாரக் குறிப்பேடு கையில் இருந்தது. பேருந்து நிலையத்தில் அடுத்த வண்டிக்கு இரண்டு மணி நேரம் இருந்ததால் அதையே திறந்து மறுநாள் பாடத்துக்குக் குறிப்பெழுதத் தொடங்கினோம். மறுநாள் பாடம் இல்லை என்பது தெரிந்தும் எழுதினோம். இப்போது நிலையான பணி கிடைத்துவிட்டது. நாற்பதைக் கடந்து கிடைத்தது.

ஒப்புமையை இதற்குமேல் இழுத்தல் நேர்மையன்று. 2009ஆம் ஆண்டுக்கு மட்டும் வாங்குக்குப் பேசப்பட்ட ஊதியம் 50 இலட்சம் டாலர். பசி அவரை மேட்டில் ஏற்றவில்லை. நம்மைப் பேருந்தில் ஏற்றியதில் பசிக்குப் பெரும்பங்கு உண்டு. ஆகவே அவரது விடாப்பிடியைப் புரிந்துகொள்ள நம் வாழ்க்கை போதாது. பணம் இருந்தது, பெயர் இருந்தது. ஊருக்குத் திரும்பினால் தைவான் தொடரின் எந்த அணியும் மாலையிட்டு அழைத்துக்கொள்ளும். விளம்பரத்தில் சிரித்துக்கொண்டு வாழ்ந்திருக்கலாம். ‘தைவானின் ஒளி’ என்ற பட்டத்துக்கும் அதுவே பாதுகாப்பு. அவரோ அமெரிக்கக் கீழ்நிலை அணிகளின் கதவுகளைத் தட்டிக்கொண்டிருந்தார். படம் அதற்குக் காரணம் ஒன்றைத் தேடுகிறது. அவர் வழக்கம்போல நான்கு சொல்லுக்குமேல் பேசுவதில்லை. இன்னும் எறிய முடியும் என்று தமக்குத் தெரிகிறது என்பதைத் தவிர அவரிடம் விளக்கம் ஒன்றும் இருப்பதாக நமக்குப் படவில்லை. அது போதுமான விளக்கம் என்றே எண்ணுகிறோம்.

நடுவில் ஒருநாள் மட்டும் பழைய வாங் திரும்பி வந்தார். 2013 மார்ச் 8, டோக்கியோ டோம். உலக பேஸ்பால் கிளாசிக் போட்டியில் ஜப்பானுக்கு எதிராகத் தைவான். ‘சீன தைபே’ என்று ஆடவேண்டும். அதுதான் அவர்களுக்கு அனுமதிக்கப்பட்ட பெயர். எந்த அணியிலும் இடமில்லாத எறிபவராக வந்த வாங், அதற்கு முந்தைய இரண்டு போட்டிகளையும் வென்ற ஜப்பானுக்கு 6 இன்னிங்ஸில் ஓர் ஓட்டம்கூடக் கொடுக்கவில்லை. பந்து தாழ்ந்தது; தரையோடு தவழ்ந்தது. தோழர்கள் குனிந்து எடுத்தார்கள். அவர் இறங்கியபோது தைவான் முன்னிலையில் இருந்தது. ஒன்பதாம் இன்னிங்ஸில் இன்னும் ஒருவரை வெளியேற்றினால் வெற்றி என்ற நிலையில் ஜப்பான் ஆட்டத்தைச் சமன் செய்தது. பத்தாம் இன்னிங்ஸில் 4-3 என்று வென்றது. அந்த ஒருவரைப் பற்றித் தைவானியர் இன்றும் பேசுவார்கள் என்று மாணவர் எழுதினார். பதினோராண்டு கழித்து, 2024 நவம்பர் 24 அன்று, அதே டோக்கியோ டோமில் பிரீமியர் 12 இறுதியாட்டத்தில் தைவான் ஜப்பானை 4-0 என்று தோற்கடித்தது. அன்று மூன்று ஓட்டங்களுக்கான ஹோம் ரன் அடித்த அணித்தலைவர் சென் சியேசியென், ஓடிக்கொண்டே தம் மார்பில் நாட்டின் பெயர் இருக்கவேண்டிய வெற்றிடத்தை இரு கைகளாலும் கட்டம்போட்டுக் காட்டினார். அங்கே எழுத்து ஏதும் இல்லை. எல்லாருக்கும் படிக்க முடிந்தது.

வாங்குக்கு வருவோம். 2016இல் கேன்சஸ் சிட்டி ராயல்ஸ் அணி அவருக்குக் கீழ்நிலை ஒப்பந்தம் ஒன்று கொடுத்துப் பயிற்சி முகாமுக்கு வரச்சொன்னது. முந்தைய ஆண்டின் உலகப் பட்டம் வென்ற அணி அது. முகாமில் வயது முப்பத்தாறை எட்டிக்கொண்டிருந்த ஒருவருக்கு இடம் கிடைக்கும் என்று எதிர்பார்த்தவர் குறைவு. ஆனால் எறியும் முறையையே புதிதாகக் கற்றுத் தேறியிருந்த அவரது பந்தில் பழைய வேகம் பெருமளவு திரும்பியிருந்தது. தொடக்க நாள் பட்டியலில் பெயர் இருந்தது. மூன்றாண்டுக்குப் பின் மேல்நிலை. இம்முறை ஆட்டத்தைத் தொடங்குபவராக அல்ல. நடுவில் வந்து ஓரிரு இன்னிங்ஸ் தாங்கிக் கொடுப்பவராக. ஒரு காலத்தில் அவர் தொடங்கி வைத்த ஆட்டங்களை இப்படிப் பெயர் தெரியாத யாரோ நடுவில் வந்து தாங்கினார்கள். 2016இல் அவர் கணக்கு: 6 வெற்றி, தோல்வி இல்லை. செப்டம்பரில் அணி அவரை விடுவித்தது. மேல்நிலையில் அவரது மொத்தக் கணக்கு 68 வெற்றி, 34 தோல்வி. அவற்றுள் 54 வெற்றிகள் ஹூஸ்டன் ஆட்டம் வரை பெற்றவை. எஞ்சிய 14 வெற்றிகளுக்கு எட்டாண்டு. நமக்கு மனப்பாடமாக இருப்பது இந்தப் பதினான்குதான்.

படத்தின் பெயரைப் பற்றியும் சொல்லவேண்டும். ‘லேட் லைஃப்’ என்பது எறிபவர்களின் குழூஉக்குறி. மட்டையருகே வந்தபின் பந்து காட்டும் உயிர்ப்பு. சீன மொழியில் அப்படத்துக்கு ‘ஹௌஜின்’ என்று பெயரிட்டிருக்கிறார்கள். ‘ஹௌ’ என்றால் பின். ‘ஜின்’ என்றால் வலு, விசை. குடித்தபோது தெரியாமல் பிறகு மெல்ல ஏறும் மதுவுக்கும் இச்சொல்லைச் சொல்வதுண்டாம். தமிழில் என்ன சொல்லலாம் என்று மாணவர் கேட்டிருந்தார். பின்விசை என்று எழுதியனுப்பினோம். அகராதியில் இருக்கிறதா என்று கேட்டார். இல்லை, இனிமேல் இருக்கட்டும் என்றோம்.

2021இல் வாங், தைவான் தொடரின் சிடிபிசி பிரதர்ஸ் அணியில் இளம் எறிபவர்களுக்குப் பயிற்றுநராகச் சேர்ந்தார். அவரிடம் ஒப்படைத்தது இரண்டாம் அணியை. முதல் அணியிலிருந்து எப்போது அழைப்பு வரும் என்று காத்துக்கொண்டிருக்கும் பையன்கள் ஆடும் இடம் அது.